பக்கத்து நாற்காலியின் மூச்சு

எழுபதுகளின் நடுப்பகுதி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத் தொலைபேசி நிறுவனமான நியூ ஜெர்சி பெல், அழைப்புகளை இணைக்கும் கருவிகளுக்குப் பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தது. புகை பட்டால் நுட்பமான அந்தக் கருவிகள் பழுதாகும் என்பது காரணம். அதே நிறுவனத்தில் செயலாளராக வேலை பார்த்தவர் டோனா ஷிம்ப். சிகரெட் புகை அவருக்குக் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது. கண் எரியும், விழியின் மேற்படலம் புண்ணாகும், மூக்கில் ரத்தம் வரும், தலைவலியும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அவர் உட்கார்ந்து வேலை செய்த அறையில் சக ஊழியர்கள் புகைக்க எந்தத் தடையும் இல்லை.

முறையிட்டுப் பார்த்தார். அவருடைய மேசைக்கு அருகே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். அது ஓடினால் குளிர்காற்று அடிக்கிறது என்று மற்றவர்கள் புகார் சொன்னதால் தொடர்ந்து ஓடவில்லை. கடைசியில் ஷிம்ப் நீதிமன்றத்துக்குப் போனார். 1976 டிசம்பரில் நீதிபதி ஃபிலிப் க்ரூச்சியோ தீர்ப்பளித்தார். இயந்திரங்கள் மீது இவ்வளவு அக்கறை காட்டும் நிறுவனம், தன்னிடம் வேலை செய்யும் மனிதர்கள் மீது குறைந்தபட்சம் அதே அளவு அக்கறையாவது காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வேலை நடக்கும் இடத்தில் புகைப்பதைத் தடை செய்து, வேலை இல்லாத பகுதிக்கு அதை ஒதுக்கச் சொன்னார் நீதிபதி.

அதுவரை அலுவலகப் புகையைப் பற்றி முணுமுணுத்தவர்களுக்கு ஊரெங்கும் ஒரே பெயர்தான்: ஒத்துப்போகத் தெரியாதவர். மேசைக்கு மேசை சாம்பல் கிண்ணம் இருந்த காலம் அது. நம் ஊர் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும், ஒரு கையில் கோப்பும் மறு கையில் சிகரெட்டுமாக அதிகாரி உட்கார்ந்திருந்த காட்சியை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்ந்து யோசிப்பவரின் அடையாளம் என்றுகூட அது கருதப்பட்டது. எதிரே நிற்கும் கடைநிலை ஊழியருக்கு இருமல் வந்தால் அவர்தான் வெளியே போய் இருமிவிட்டு வர வேண்டும். “சார், கொஞ்சம் அணைச்சிடுங்க” என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்?

அந்தத் துணிச்சலுக்கு அடித்தளம் போட்டது மருத்துவ ஆராய்ச்சி. 1981 ஜனவரியில் ஜப்பானிய மருத்துவ அறிஞர் தகேஷி ஹிரயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். தாங்கள் புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியது. கணவன் அதிகமாகப் புகைக்கப் புகைக்க, சிகரெட்டையே தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போனது. கடும் புகைப்பழக்கம் உள்ளவர்களின் மனைவியருக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிகரெட் நிறுவனங்கள் அந்த ஆய்வைத் தகர்க்கப் பெரும் பாடுபட்டன. முடியவில்லை. 1986-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் சி. எவரெட் கூப், புகைக்காதவர்களுக்கும் பிறர் புகையால் நோய் வருகிறது என்று அறிக்கையே வெளியிட்டார்.

புகைப்பவர் உறிஞ்சி வெளியே விடும் புகையை மட்டும்தான் நாம் கண்ணால் கவனிக்கிறோம். விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் சிகரெட்டின் நுனியிலிருந்து கிளம்பும் புகைதான் அறைக் காற்றில் பெரும்பங்கு கலக்கிறது. அது ஃபில்டர் வழியாகவும் போவதில்லை, யாருடைய நுரையீரல் வழியாகவும் போவதில்லை. வீட்டில் இப்படி ஒரு புகை வந்தால் வேறு அறைக்குப் போய்விடலாம். வேலை செய்யும் இடத்தில் எங்கே போவது?

இந்தக் கேள்வியை விமானப் பணிப்பெண்களைவிட உரக்கக் கேட்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லை. அன்றைய விமானங்களில் புகைப்போருக்கென்று சில வரிசைகளை ஒதுக்கியிருந்தார்கள். மூடிய உலோகக் கூட்டுக்குள் புகைக்கு ஏது வரிசை எண்? பணிப்பெண்களோ எல்லா வரிசைகளுக்கும் போக வேண்டியவர்கள். நிரம்பி வழிந்த சாம்பல் கிண்ணங்களைத் துடைத்து எடுத்ததும் அவர்களே. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பணியாற்றிய நார்மா ப்ரோயின், வாழ்நாளில் புகைத்ததே இல்லை. 1989-ல், 32 வயதில், அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1991-ல் அவரும் சக பணிப்பெண்களும் மயாமி நீதிமன்றத்தில் சிகரெட் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். சுமார் 60,000 விமான ஊழியர்களின் சார்பாக நடந்த வழக்கு அது. 1997-ல் சமரசம் ஏற்பட்டது. புகையால் வரும் நோய்களை ஆராய ஓர் அறக்கட்டளை அமைக்க 30 கோடி டாலர் தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அந்தச் சமரசத்தில் பணிப்பெண்களின் கைக்கு நேரடியாகப் பணம் எதுவும் வரவில்லை. பிறருக்கு இந்த நோய் வரக் கூடாது என்பதற்காக நடத்திய வழக்கு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் 1988-ல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணங்களிலும், 1990-ல் ஆறு மணி நேரம் வரையிலான பயணங்களிலும் புகைக்கத் தடை வந்தது. இன்றும் விமானக் கழிவறையில் ஒரு சின்னச் சாம்பல் கிண்ணத்தைப் பார்க்கலாம். தடையை மீறி யாராவது பற்றவைத்துவிட்டால், துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுத் தீப்பிடிக்க வைக்காமல் இருப்பதற்காகவே விதிகள் அதை விட்டுவைத்திருக்கின்றன.

கனடாவின் ஒட்டாவா நகரத்து ஹெதர் க்ரோவும் புகைக்காதவர். உணவகங்களில் சுமார் நாற்பது ஆண்டுகள் பரிமாறியவர். 2002-ல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும், நோயோடு தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றித் தன் கதையைச் சொன்னார். 2006-ல் இறந்தார். அதற்கு முன்பே அவருடைய நோயை வேலையால் வந்த நோய் என்று ஒன்டாரியோவின் தொழிலாளர் இழப்பீட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. இந்த ஒரு முடிவு பார்வையையே மாற்றியது. சுரங்கத் தூசி போல, ஆலை ரசாயனம் போல, சிகரெட் புகையும் தொழில் ஆபத்துகளின் பட்டியலில் சேர்ந்தது. 2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்கள் அனைத்திலும் புகைக்கத் தடை விதித்த முதல் நாடானது அயர்லாந்து. அப்போதைய சுகாதார அமைச்சர் மீஹால் மார்ட்டின் வைத்த வாதம் எளிமையானது: மதுக்கூடத்தில் வேலை செய்பவரும் தொழிலாளிதான்.

இப்படிப் புகை கட்டடத்தை விட்டு வெளியேறியது. புகைப்பவரும் கூடவே வெளியேறினார், ஒரு நாளைக்குப் பலமுறை. நுரையீரல் பற்றிய புகார் குறைந்த இடங்களில் கடிகாரம் பற்றிய புகார் முளைத்தது.

ஜப்பானில் இது பெரிய விவகாரம். டோக்கியோவில் பியாலா என்ற விளம்பர, சந்தைப்படுத்தல் நிறுவனத்தின் அலுவலகம் 29-வது மாடியில் இருந்தது. புகைக்க வேண்டுமானால் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். போய் வரப் பத்து, பதினைந்து நிமிடம். புகைக்காத ஊழியர் ஒருவர் ஆலோசனைப் பெட்டியில் இதை எழுதிப் போட்டார். நிறுவனத் தலைவர் தகாவோ அசுகா 2017-ல் ஒரு முடிவெடுத்தார்: புகைக்காதவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு நாள் கூடுதல் விடுப்பு, சம்பளத்தோடு. தண்டனையால் முடியாதது சலுகையால் முடியும் என்று அவர் நம்பினார். சிலர் சிகரெட்டை விட்டதும் உண்மை.

ஒசாகா மாகாண அரசு எடுத்தது வேறு வழி. வேலை நேரத்தில் புகைக்கக் கூடாது என்ற விதியையும் எச்சரிக்கையையும் மீறிய 61 வயது அதிகாரி ஒருவரின் கணக்கை 2023-ல் கூட்டிப் பார்த்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் எடுத்த புகை இடைவேளைகள் 4,512. மொத்தம் 355 மணி நேரம். பெற்ற சம்பளத்தில் 14 லட்சத்து 40 ஆயிரம் யென்னைத் திருப்பிக் கட்டச் சொன்னதோடு, ஆறு மாதத்துக்குச் சம்பளத்தில் பத்து சதவீதத்தையும் குறைத்தார்கள். நாரா மாகாணத்தின் இகோமா நகராட்சியோ, புகைத்துவிட்டு வரும் ஊழியர்கள் 45 நிமிடத்துக்கு லிஃப்டில் ஏறக் கூடாது என்று 2018-ல் விதி போட்டது. உடையிலும் மூச்சிலும் வரும் புகையின் எச்சம்கூட அடுத்தவரைத் தொல்லை செய்யக் கூடாது என்பது நோக்கம்.

ஒசாகா தண்டனை மிகை என்றே தோன்றுகிறது. டீக்கும் அரட்டைக்கும் எழுந்து போகிறவர்களின் நிமிடங்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. வேலை முடிந்ததா என்று கேட்பதுதான் முறை. ஆனால் வெளியே போனவரின் மேசைத் தொலைபேசியை எடுத்துப் பேசி, அவரைத் தேடி வந்தவருக்குப் பதில் சொல்லி, அந்த இடைவெளியை அடைப்பவர் பக்கத்து நாற்காலிக்காரர். அவருடைய மனக்குறையை அற்பம் என்று ஒதுக்கவும் முடியாது.

இதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. மேலாளரும் ஊழியரும் சேர்ந்து தம் அடிக்கப் போனால் அந்தப் பத்து நிமிடத்தில் பேச்சு எங்கெல்லாம் போகும்? புதிதாக வரப்போகும் வேலை, காலியாகும் பதவி, யாருக்கு எது பொருந்தும் என எல்லாம் அங்கே வந்துவிடும். ஸோயி கல்லன், ரிக்கார்டோ பெரெஸ்-ட்ருக்லியா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆசியாவிலுள்ள ஒரு பெரிய வங்கியின் பணியாளர் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். புகைக்கும் ஆண் மேலாளருக்குக் கீழே வந்த புகைக்கும் ஆண்கள், புகைக்காத ஆண்களைவிட வேகமாகப் பதவி உயர்வு பெற்றிருந்தார்கள். அவர்கள் கூடுதலாக உழைத்ததாகத் தெரியவில்லை. மேலாளரோடு கூடுதல் நேரம் இருந்தார்கள், அவ்வளவே.

நம் ஊர் டீக்கடை வாசலுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். அந்த வட்டத்தில் பெண்கள் அநேகமாக இருப்பதில்லை. ஒரு பெண் சிகரெட்டோடு நின்றுவிட்டாலோ, அவளுடைய உடல்நலம் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அவளுடைய குணம் பற்றியே பேசுவார்கள். அதே சிகரெட், அதே விஷம். ஆணுக்கு அது டென்ஷன், பெண்ணுக்கு அது ஒழுக்கக்கேடு. இந்த அளவுகோல் சுத்த அநியாயம்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2001-ல் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமாக உத்தரவிட்டது. 2003-ல் புகையிலைப் பொருள் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணியிடங்களும் கேன்டீன்களும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான். புகைக்கத் தனியிடம் அமைக்க விதி அனுமதிப்பது மூன்று இடங்களுக்கு மட்டும்: விமான நிலையம், முப்பது அறைகளாவது உள்ள தங்கும் விடுதி, முப்பது பேராவது உட்காரும் உணவகம். அலுவலகம் இந்தப் பட்டியலில் இல்லை. அதாவது கண்ணாடித் தடுப்புப் போட்ட ‘ஸ்மோக்கிங் ரூம்’ எந்த அலுவலகத்துக்குள்ளும் சட்டப்படி இருக்க முடியாது. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைக்கவும் கூடாது. நுழைவாயிலில், ஒவ்வொரு மாடியில், லிஃப்ட் வாசலில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்று அந்த நபரின் பெயரையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். புகார் வந்தும் நிர்வாகம் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் பொறுப்பாளரின் தலையில் விழும்.

நடைமுறை? 2009-10, 2016-17 ஆகிய ஆண்டுகளில் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்புகள் இரண்டிலும், கட்டடத்துக்குள் வேலை செய்யும் பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் பணியிடத்திலேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரிந்தது. ஏழு ஆண்டுகளில் அந்த விகிதம் குறையவே இல்லை. பெரிய கணினி நிறுவனங்களின் வளாகத்தில் இது தீர்ந்துபோன பிரச்சினை. சின்ன அச்சகம், லாரி ஷெட், பட்டறை, குடோன், கமிஷன் மண்டி போன்ற இடங்களில் முதலாளியே புகைப்பவராக இருந்தால் பலகையும் கிடையாது, புகாரும் கிடையாது. அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் இந்த விதிகள் முதலில் போய்ச் சேர வேண்டும்.

புகைப்பவரை வில்லனாக்க இதில் எதுவும் இல்லை. இரவுப் பணி, டார்கெட், மேலதிகாரியின் ஏச்சு என்று வேலையே பலர் கையில் சிகரெட்டைக் கொடுத்திருக்கிறது. புகைத்ததும் மனம் லேசாவதாகத் தோன்றுவது, ரத்தத்தில் நிகோட்டின் குறைந்து எழுந்த தவிப்பு அடங்குவதால்தான். சில மணி நேரத்தில் அதே தவிப்பு மறுபடி எழும். அடிமைப்பட்டவரைக் கேலி செய்வதால் அவர் விடப்போவதில்லை. விட முயல்பவருக்கு அலுவலகம் மருத்துவ ஆலோசனைக்கு வழி செய்யலாம். மேலாளர் ஒருவர் தன் குழுவோடு பேசும் பத்து நிமிடத்தை டீக்கடையிலிருந்து எல்லோரும் உட்காரும் மேசைக்கு மாற்றலாம். அதற்குச் செலவே இல்லை.

நாளைக்கு வேலைக்குப் போனதும் வாசலில் அந்தப் பலகையைத் தேடுங்கள். அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். விட நினைக்கும் நண்பர் பக்கத்து நாற்காலியில் இருந்தால், சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 2018 முதல் அச்சிடப்பட்டுவரும் உதவி எண்ணை அவருக்குச் சொல்லுங்கள்: 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.