மேட்டு நிலத்தில் மிதிவண்டி

சேலத்திலிருந்து வடக்கே செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவர், தாம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. தொப்பூர்க் கணவாயில் வண்டி சற்றே திணறும். அதன்பின் நிலம் சமமாகிவிட்டது போலத் தோன்றும். ஆயினும் ஏற்றம் முடிவதில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், தருமபுரி ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், மெல்ல மெல்ல, 600 மீட்டர் உயர்ந்துவிடுகிறது நிலம். இந்த ஏற்றத்தின் இடைப்படியில், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே அமைந்த ஊர் காரிமங்கலம். இங்கு எது மேடு, எது பள்ளம் என்பதைப் பேருந்துப் பயணியின் கண்ணைவிட மிதிவண்டி ஓட்டுபவரின் முழங்கால் நன்கறியும்.

சாலையின் சாய்வைச் சதவீதத்தால் குறிப்பர். 100 மீட்டர் செல்லும்போது 5 மீட்டர் உயர்ந்தால் அது 5 சதவீதச் சாய்வு. கண்ணுக்கு இது பெரிதாகத் தோன்றாது, காலுக்குப் பெரிது. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் 20 கிலோ எடையுள்ள மிதிவண்டியைச் சமதளத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட, 25 வாட் அளவிலான திறன் போதும். அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றத்தில் செல்ல, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே மேலும் 95 வாட் வேண்டும். மொத்தத்தில் உழைப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது.

மலைச்சாலைகள் வளைந்து வளைந்து செல்வதன் காரணமும் இக்கணக்கில்தான் அடங்கியுள்ளது. ஏறவேண்டிய உயரம் மாறுவதில்லை. சாலையின் நீளம் கூடும்போது சாய்வு குறைகிறது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தருமபுரிக்கு அருகிலுள்ள வத்தல்மலைச் சாலையின் வளைவுகளும் ஏற்றத்தை இவ்வாறு தவணை முறையில் ஏற வைப்பவை. ஊர்ப்புற மேட்டில் முதியவர் ஒருவர் மிதிவண்டியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிச் செல்வதும் இதே அறிவுதான். (வாகனம் வரும் சாலையில் அதைப் பின்பற்றலாகாது.)

வளைவுகள் சாலை தரும் உதவி என்றால், பற்சக்கரங்கள் வண்டி தரும் உதவி. பள்ளிகளில் வழங்கப்படும் மிதிவண்டியில் பின்புறம் ஒரே பற்சக்கரம் உண்டு. மிதிகட்டையை ஒரு முழுச்சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். பல பற்சக்கரங்கள் கொண்ட மலை மிதிவண்டியிலோ, சங்கிலியைப் பின்புறத்தின் பெரிய பற்சக்கரத்திற்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் அளவே நகரும். வேகம் குறையும்; மிதி இலகுவாகும். முற்காலத்து இத்தாலியப் பந்தய வீரர்களுக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தையே கழற்றி, மறுபுறம் திருப்பி மாட்டினர். ஒருபுறம் சமவெளிக்குரிய சிறிய பற்சக்கரமும் மறுபுறம் ஏற்றத்திற்குரிய பெரிய பற்சக்கரமும் இருந்தன. ஒற்றைப் பற்சக்கர வண்டியுடன் கடும் மேட்டை அடைபவர் இறங்கித் தள்ளிச் செல்வதில் குறைவொன்றுமில்லை.

காரிமங்கலத்திலிருந்து மேற்கே பாலக்கோட்டை அடைந்து, மாரண்டஹள்ளி வழியாக இராயக்கோட்டைக்குச் செல்லும் வழி, இத்தகைய பயணத்தின் சுவையை அறிவதற்கு ஏற்றது. காரிமங்கலத்தில், சிவன் கோயிலைத் தாங்கிநிற்கும் குன்று நெடுந்தொலைவு பின்னால் தெரிந்துகொண்டே வரும். இடையில் மாந்தோப்புகள், தென்னைகள், கேழ்வரகுக் கொல்லைகள். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பகுதிகளில் தக்காளி வயல்கள். மாரண்டஹள்ளியிலிருந்து பிரியும் ஒரு சாலை பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கு இட்டுச் செல்கிறது. வடக்கே செல்லச் செல்ல நிலம் உயர்கிறது. காற்றில் சூடு தணிகிறது. இராயக்கோட்டையின் மலைக்கோட்டை 1791ஆம் ஆண்டு, மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயர் வசமாயிற்று. சமவெளிக்கும் மைசூர் மேட்டு நிலத்திற்கும் இடைப்பட்ட வழியைக் காக்க அக்கோட்டை ஏன் அங்கே எழுந்தது என்பதை, அவ்வேற்றத்தை மிதித்து வந்தவருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஏற்றம் உழைப்பைக் கேட்கிறது. இறக்கம் விழிப்பைக் கேட்கிறது. மேற்சொன்ன மாணவரும் வண்டியும் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 68,600 ஜூல் ஆற்றல் வெளிப்படும். வேகம் கூடாமலிருக்க வேண்டுமெனில், அதன் பெரும்பகுதி பிரேக்குக் கட்டைகளில் வெப்பமாகவே கழியவேண்டும். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் கட்டைகள் சூடேறித் தேயும்; மழையில் சக்கர வளையம் நனைந்தால் பிடிமானம் குறையும். எனவே வளைவை நெருங்குவதற்கு முன்பே, இரு கைகளாலும் விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைக் குறைப்பர் பழகியவர்கள். தொப்பூர் இறக்கத்தில் சரக்கு வாகனங்கள் கட்டுப்பாட்டை இழந்து நேர்ந்த விபத்துகளுக்குப் பின்னாலும் இந்த இயற்பியல் உண்டு.

இத்தகைய கிளைச்சாலைகளின் மதிப்பை உணர்த்தும் நிகழ்வொன்று இத்தாலியில் உள்ளது. அந்நாட்டின் டஸ்கனி மாநிலத்தில், கியாந்தி எனப்படும் குன்றுப் பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கிடையே வெண்ணிறச் சரளைச் சாலைகள் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைகளாக மாறத் தொடங்கியபோது, அவற்றைக் காக்க எண்ணியோர் 1997ஆம் ஆண்டு கயோலே என்னும் சிற்றூரில் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினர். 'லெரோயிக்கா' என்பது அதன் பெயர். பழைய வகை மிதிவண்டிகளில்தான் அதில் பங்கேற்கவேண்டும். முதலாண்டில் வந்தோர் நூற்றுக்கும் குறைவு. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான வழித்தடம் வழிகாட்டிப் பலகைகளுடன் அங்கு உருவாகியுள்ளது. 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் அச்சாலைகளில் நடைபெறுகிறது. சுண்ணாம்புத் தூசி எழும் சாலைகளே ஊருக்குப் புகழும் பிழைப்பும் தருவனவாயின. மிதிப்பவர் இருந்ததால் சாலை பிழைத்தது.

காரிமங்கலத்தை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இன்று நான்கு வழிச்சாலை. விரையும் சரக்குந்துகளின் ஓரத்தில் மிதிவண்டிக்கு அங்கு நிம்மதியான இடமில்லை. மறுபுறம், தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பெற்று, பின்னர் மேல்நிலை வகுப்பில் பயிலும் மற்றவர்க்கும் விரிவடைந்தது. எனவே மேட்டு நிலத்துச் சிற்றூர்களிலும் வண்டி உண்டு. ஏரிக்கரைகளையும் தோப்புகளையும் இணைக்கும் கிளைச்சாலைகளும் உண்டு. விடுமுறை நாளில் அவ்வழியே புறப்படுவோர் விடியற்காலையில் கிளம்புவது நலம். தண்ணீரும், காற்றடிக்கும் கைப்பம்பும், ஒட்டுப்போடும் பொருள்களும் உடன் இருத்தல் வேண்டும். காரிமங்கலத்திலிருந்து பாலக்கோட்டை நோக்கிச் செல்வோருக்குக் காலை வெயில் முதுகில் விழும். மாலையில் திரும்பும்போதும் அவ்வாறே.