பொருந்தாதது உடையே, உடல் அன்று

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாட்களில் கோவை ஒப்பணக்கார வீதியில் நடந்து செல்வதே ஒரு பெருமுயற்சி. அத்தகைய மாலைப் பொழுதொன்றில் ஒரு துணிக்கடையில் கண்ட காட்சி இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பத்தாம் வகுப்புப் பயிலும் வயதுடைய பெண் ஒருத்தி, உடைமாற்றும் அறையிலிருந்து நான்காம் முறையாக வெளியே வந்தாள். முதலில் போட்டுப் பார்த்தது தோளில் இறுக்கியது. அடுத்தது இடுப்பில் நின்றுவிட்டது. இப்போது அணிந்திருந்ததோ கைகளைத் தூக்கவிடவில்லை. அருகில் நின்ற தாய், கடையில் உள்ளோர் கேட்கும்படியாகவே, "உன்ற ஒடம்புக்கு எதுதான் சேரும்?" என்று கடிந்துகொண்டார். மகள் தலைகுனிந்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

அந்தத் தாய் அன்பில்லாதவர் அல்லர். குடும்பச் செலவைச் சுருக்கி, மகளுக்குத் திருவிழா உடை வாங்க வந்தவர். ஆயினும் ஓர் எளிய உண்மையை அவர் அந்நேரம் மறந்துவிட்டார். பொருந்தாமற்போனது அந்த உடை. மகளின் உடல் அன்று.

தாவீது கற்பித்த பாடம்

சாமுவேல் முதல் நூலின் பதினேழாம் அதிகாரத்தை நாம் அறிவோம். கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் தம் போருடையை அணிவிக்கிறார். சவுலோ மக்கள் அனைவரிலும் உயர்ந்த தோளுடையவர். அவருடைய தலைச்சீராவையும் மார்புக்கவசத்தையும் அணிந்த தாவீது நடந்து பார்க்கிறார், இயலவில்லை. உடனே என்ன செய்தார்? "நான் சிறியவனாய்ப் பிறந்துவிட்டேனே" என்று வருந்தினாரா? இல்லை. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, தமக்குப் பழகிய கவணோடு களம் சென்றார். அரசனின் உடையேயாயினும் தமக்குச் சேராததைக் களைந்துவிடும் தெளிவு அந்த இளைஞரிடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அத்தெளிவு வேண்டாமா?

நம் மண்ணின் துணி

உடையைப் பற்றிப் பேசக் கொங்கு நாட்டாருக்கு உரிமை மிகுதி. 1888ஆம் ஆண்டில் கோவையின் முதல் நூற்பாலை தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கும் முன்பே கைத்தறிகள் இங்கு ஒலித்துக்கொண்டிருந்தன. நெகமம் பருத்திச் சேலையும், பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோராவும் இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்குகின்றன.

சேலையின் சிறப்பு யாதெனில், அது தைக்காத துணி. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அத்துணி மெலிந்தவரையும் பருத்தவரையும் ஒன்றுபோல் ஏற்றுக்கொள்ளும். நம் பாட்டிமார் பின்கொசுவம் வைத்துக் கட்டி, வயலிலும் கிணற்றடியிலும் தடையின்றி உழைத்தனர். உடலுக்கும் உழைப்புக்கும் ஏற்பத் துணியை வளைத்துக்கொண்டனரேயன்றித் துணிக்காகத் தம்மை வருத்திக்கொள்ளவில்லை.

ஆயத்த உடையோ அவ்வாறன்று. 1970களின் இறுதி தொட்டுத் திருப்பூர்ப் பின்னலாடைகள் கடல் கடந்து செல்கின்றன. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை காதர்பேட்டைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் காணும் எஸ், எம், எல் என்னும் எழுத்துகள் அயல்நாட்டார் உடலமைப்பைக் கருதி வகுக்கப்பட்டவை. நிறுவனத்துக்கு நிறுவனம் அவை மாறுபடும். ஆகவே ஓரிடத்தில் 'எம்' சேர்ந்தவளுக்கு வேறோரிடத்தில் 'எக்ஸ்எல்' தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது துணி வெட்டியவரின் கணக்கு. மனிதருக்கு இட்ட மதிப்பெண் அன்று.

சேலை வாங்கும்போது

உயரம் குறைந்தவர்க்கு ஒடுங்கிய கரையும், சிறு பூக்களும், நெடுக்குக் கோடுகளும் ஏற்றவை. அகன்ற கரை உடலைக் குறுக்கே பிரித்துக் காட்டுவதால் உயரம் இன்னும் குறைந்தாற்போல் தோன்றும். சேலையின் நிறத்திலேயே ரவிக்கையும் அமைந்தால் கண் தடைபடாமல் மேலிருந்து கீழே செல்லும். நெடிய உருவினர்க்கு அகன்ற கரையும், பெரிய கட்டங்களும், மாறுபட்ட நிறத்து ரவிக்கையும் எடுப்பாயிருக்கும். சேலையின் அகலம் பொதுவாக 45 முதல் 48 அங்குலம் வரை வேறுபடும். உயரமானவர்கள் வாங்குமுன் அதை அளந்து பார்ப்பது நலம்.

துணியின் இயல்பையும் நோக்க வேண்டும். கஞ்சியிட்ட பருத்தியும் கோராவும் விறைப்புடையவை. உடலைவிட்டுச் சற்று விலகி நிற்கும். மெலிந்தவர்க்கு அவை நிறைவான தோற்றம் தரும். பூரித்த உடலினர்க்குப் பலமுறை துவைத்து மென்மையடைந்த பருத்தியும், சிறுமுகைத் தறிகளில் நெய்யப்படும் மென்பட்டும் படிந்து அழகாக விழும். அவர்கள் கொசுவத்தைக் குறுகலாக மடித்து அழுத்திச் செருகுவதும், சுருக்கம் மிகுந்த உள்பாவாடையைத் தவிர்ப்பதும் இடுப்பைப் பருமனாகக் காட்டாது.

தையலில் கவனம்

விலையுயர்ந்த சேலையையும் பொருந்தாத ரவிக்கை கெடுத்துவிடும். நம் இல்லங்களில் ஒரு பழக்கம் உண்டு. தையற்காரரிடம் 'அளவு ரவிக்கை' என்று பழையதொன்றைக் கொடுத்துவிடுவோம். திருமணத்தின்போது தைத்த அளவே மகப்பேற்றுக்குப் பின்னும், நாற்பது வயதுக்குப் பின்னும் தொடரும். பின்னர் கை இறுக்குகிறது, கொக்கி தெறிக்கிறது என்று நம்மையே நொந்துகொள்வோம். உடல் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிதாக அளவு கொடுங்கள்.

தோள் தையல் தோளெலும்பின் முனையில் முடிய வேண்டும். கைப்பகுதி எங்கே முடிகிறதோ அங்கே பார்ப்பவர் கண் நிற்கும். ஆதலால் மேற்கை பருத்தவர்கள் முழங்கை வரை கை வைத்துக்கொள்ளலாம். கழுத்துக் குட்டையானவர்க்குச் சற்று இறங்கிய கழுத்து வெட்டும், நீண்ட கழுத்துடையவர்க்கு ஏறிய வெட்டும் பொருந்தும். சுடிதாரின் மேலாடை இடுப்பின் அகன்ற இடத்தில் முடியாமல் அதற்குக் கீழே இறங்கட்டும்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். வயிறு சரிந்தவர்கள் கால்சட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டி, சட்டைப் பொத்தான்களுக்கு இடையே துணி விலகி நிற்க நடக்கிறார்கள். ஓர் அளவு பெரிய சட்டை அவர்களை மிடுக்காகக் காட்டும். வேட்டியோ என்றும் போல் எவரையும் கைவிடாது.

எந்த உடையையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கையை உயர்த்துங்கள், குனியுங்கள், முழந்தாளிட்டு எழுங்கள். திருப்பலியில் முழந்தாளிட இயலாத உடை, இழுத்து இழுத்துச் சரிசெய்யத் தூண்டும் உடை, நமக்கு உரியதன்று. அடக்கம் என்பது உடலைக் கண்டு நாணுவதன்று. உடையை மறந்து இறைவனையும் பிறரையும் நோக்கும் விடுதலையே அடக்கம்.

வீட்டில் பேசும் சொல்

பெற்றோரே, உடை பற்றி நாம் சொல்லும் சொல்லைப் பிள்ளைகள் உடலைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்கிறார்கள். "நீ குண்டாயிருக்கிறாய்" என்பதற்கும், "இதன் தோள் வெட்டுச் சரியில்லை, வேறு பார்ப்போம்" என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! உறவினர் கூடும் திருமண வீடுகளில் "என்ன, இப்படி இளைத்துவிட்டாய்", "ஊதிவிட்டாயே" என்று நலம் விசாரிக்கும் வழக்கத்தையும் நாம் கைவிடலாம். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே விழாக்களுக்கு வர மறுக்கும் இளையோர் நம் பங்குகளில் இல்லாமலில்லை.

அதே சாமுவேல் முதல் நூலில் அன்னா என்னும் தாயைக் காண்கிறோம். ஆலயத்தில் ஒப்படைத்த தம் மகன் சாமுவேலுக்காக அவர் ஆண்டுதோறும் ஒரு சிற்றங்கி செய்து கொண்டுசெல்வார். ஏன் ஆண்டுதோறும்? மகன் வளர்ந்துகொண்டிருந்தான். சென்ற ஆண்டின் அங்கிக்குள் அவனை அடக்க அத்தாய் முயலவில்லை. வளர்ந்த மகனுக்கேற்பப் புதிதாகச் செய்தார்.

அடுத்த முறை கடையில் உங்கள் மகள் முகம் வாடி நின்றால், அவள் தோளில் கைவைத்து, "வா கண்ணு, இந்தத் துணி உனக்குச் சேரலை, வேற பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல், விலை கொடுத்து வாங்கும் எந்த உடையைவிடவும் அவளுக்கு அழகு சேர்க்கும்.