கேட்டபோது கொணர்தலும் கொணர்ந்ததைக் காத்தலும்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு பத்துக் கல்லுக்குள் அடங்கும். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை இராஜபாளையத்தில் விற்கும் வணிகன் ஒருவனை மனத்திற் கொள்வோம். அவன் மூன்று வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்ளலாம். வைகறையிலேயே வண்டி நிறையச் சரக்கை வாங்கிவந்து கடையிற் குவித்துவைப்பது ஒன்று. ஒருவர் வந்து கேட்டபின் ஆளனுப்பி வருவித்து, அடுத்து வருவார்க்கும் ஆகுமாறு வைத்துக்கொள்வது மற்றொன்று. கேட்குந்தோறும் ஆளனுப்பி, கடையில் யாதொன்றும் வையாதிருப்பது மூன்றாவது. முதல் வழியில் யாரும் காத்திரார். ஆயின் விலைபோகாதது கெடும். இரண்டாம் வழியில் முதலில் வந்தவர் மட்டும் காத்திருப்பார். மூன்றாம் வழியில் எல்லாரும் காத்திருப்பர். இச்சிறு கடையில் எழும் இவ்வினாவே, கணினிகட்கு மென்பொருள் வழங்குவோர் முன்னும் எழுகின்றது. அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மென்பொருட் களஞ்சியம் என்பது யாது? கணினியில் இயங்கும் நிரல்களைத் தனித்தனிப் பொதிகளாகக் கட்டி, அவற்றிற்கு ஓர் அட்டவணையும் வகுத்து, வேண்டுவார் எடுத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வைத்திருக்கும் பண்டகசாலையே அது. உலகினர் பலர் கூடிப் பேணும் டெபியன் என்னும் அமைப்பின் 12ஆம் பதிப்பு 2023 ஜூன் மாதத்தில் வெளிவந்தபோது, அதன்கண் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட போஸ் என்னும் இயங்குதளம் டெபியனை அடியொற்றியதே. தமிழ்நாட்டரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக அது நம் மாணவர் பலர் கைக்கும் வந்தது. ஆதலின் இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று.

இக்களஞ்சியத்தில் இருவகைப் பொருள் உண்டு. ஒன்று அட்டவணை, மற்றொன்று பொதி. அட்டவணை, ஒவ்வொரு பொதியின் பெயர், பதிப்பு, அளவு, அது சார்ந்து நிற்கும் பிற பொதிகள் ஆகியவற்றைக் கூறும். கணினி முதலில் அட்டவணையைப் படித்து, தனக்கு வேண்டுவன எவையெனக் கணக்கிட்டு, பின்னரே பொதியைக் கேட்கும். பொதிகளனைத்தையும் நோக்க அட்டவணை மிகச் சிறிது. இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தார்க்கே பின்வருவன விளங்கும்.

எம் பக்கத்துக் கணினிக் கூடமொன்றில் யான் கண்டதை ஈண்டுக் கூறுவேன். புதிய பொதியொன்றை ஏற்றும் பொருட்டு மாணவர் ஒரு காலையில் அமர்ந்தோம். நாற்பது பொறிகளும் ஒரே பொதியைத் தொலைவிலுள்ள மூலக் களஞ்சியத்திலிருந்து தனித்தனியே கேட்கத் தொடங்கின. வகுப்பும் முடிந்தது, பொதியோ வந்து சேரவில்லை. காரணத்தைக் கணக்கே காட்டும். பொதி 500 மெகாபைட் எனவும், இணைப்பு நொடிக்கு 20 மெகாபிட் கொணரும் எனவும் கொள்வோம். நாற்பது முறை கொணர 20,000 மெகாபைட் ஆகும். அதற்கு 8,000 நொடி, அஃதாவது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு, வேண்டும். ஒருமுறை கொணர்ந்து கூடத்திலேயே ஒரு படி வைத்துக்கொண்டிருப்பின் 200 நொடி போதும். எஞ்சிய முப்பத்தொன்பது பொறிகளும் உள்ளூர்க் கம்பியின் வழியே விரைவிற் பெற்றிருக்கும். பால்கோவாவை ஒருவர்க்குக் கொடுத்தால் மற்றவர்க்குக் குறையும். பொதியோ விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போலக் கொடுக்கக் குறையாதது. ஆதலின் அருகில் ஒரு படி வைத்தலின் பயன் வணிகன் பெறும் பயனினும் பெரிது.

இவ்வாறு உள்ளூர்க் களஞ்சியம் அமைப்பார்க்கென எழுதப்பட்ட பல்ப் என்னும் மென்பொருளில், முற்கூறிய மூன்று வழிகளும் மூன்று கொள்கைகளாகவே உள்ளன. மூலக் களஞ்சியத்தின் பொதிகளனைத்தையும் உடனே இறக்கி வைத்தல் முதலாவது. அட்டவணையை மட்டும் இறக்கி, பொதியை ஒருவர் கேட்டபோது கொணர்ந்து, அதன்பின் காத்துவைத்தல் இரண்டாவது. கேட்டபோதெல்லாம் கொணர்ந்து, ஒன்றையும் காவாமல் விடுதல் மூன்றாவது. திருமறை கற்றார்க்கு இவை புதியனவல்ல. ஏழு ஆண்டு விளைவையெல்லாம் எகிப்தின் களஞ்சியங்களிற் சேர்த்துவைத்த யோசேப்பின் செயல் முதற்கொள்கையை ஒக்கும். வனாந்தரத்தில் நாள்தோறும் திரட்டி, மறுநாளைக்கு வைத்தாற் கெட்டுப்போன மன்னா மூன்றாவதை ஒக்கும். பஞ்சம் வருமென அறிந்தவன் சேர்த்துவைத்தான். நாள்தோறும் பொழிவது உறுதியாயிருந்தவர் சேர்க்கவேண்டாதவராயினர். எக்கொள்கை நன்றென்பதை வரத்தின் உறுதியும் பொருளின் இயல்புமே முடிவு செய்யும்.

இடைப்பட்டதாகிய இரண்டாம் கொள்கையே சிற்றூர்க் கல்விக்கூடங்கட்குப் பெரிதும் ஏற்றதாகத் தோன்றுகின்றது. அறுபதினாயிரம் பொதிகளுள் ஒரு கூடத்திற்கு வேண்டுவன மிகச் சிலவே; ஏனையவற்றிற்கு வட்டின் இடத்தையும் இணைப்பின் வலியையும் செலவிடுதல் வீண். ஆயினும் இதனை அமைப்பார் நான்கு இடங்களிற் கருத்தூன்றல் வேண்டும்.

முதலாவது, ஒருங்கு கேட்டல். நாற்பது பொறிகளும் ஒரே நொடியிற் கேட்பின், காப்பில் இன்னும் ஒன்றும் இராமையால், அறிவற்ற களஞ்சியம் நாற்பது முறையும் மூலத்திற்கே ஓடும். முதற் கேள்விக்கு மட்டும் ஆளனுப்பி, மற்றவரைச் சற்றே நிறுத்தி, வந்ததை எல்லார்க்கும் பகிர்தலே முறை. இஃதின்றேல் யாம் அன்று பட்ட பாடு காப்பு இருந்தும் நீங்காது.

இரண்டாவது, புதுமை. பதிப்பெண்ணோடு கூடிய பெயருடைய பொதி வெளிவந்தபின் மாறுவதில்லை. புதுப்பதிப்பு வேறு பெயரோடு வரும். ஆதலின் பொதியை எத்துணைக் காலமும் ஐயமின்றி வைத்திருக்கலாம். அட்டவணையோ பெயர் மாறாமலே உள்ளடக்கம் மாறுவது. பழைய அட்டவணையை நெடுநாள் வைத்திருப்பின், பிழை திருத்தப்பட்ட புதுப்பொதி வந்ததே கூடத்தார்க்குத் தெரியாது. திருடர்க்குத் திறந்த கதவம் திறந்தபடியே கிடக்கும். எனவே அட்டவணைக்குக் குறுகிய வாழ்நாளும் பொதிக்கு நெடிய வாழ்நாளும் வகுத்தல் வேண்டும். இரண்டிற்கும் ஒரே வாழ்நாள் வகுத்தல் பெரும்பிழை.

மூன்றாவது, மெய்ம்மை. எபிரெய வேதத்தைப் படியெடுத்துக் காத்த மசோரெத்தியர் என்னும் அறிஞர், எழுத்துக்களையும் சொற்களையும் எண்ணிக் குறித்துவைத்தனர். எண்ணிக்கை வேறுபடின் படி பழுதெனக் கொண்டனர். ஏட்டுச்சுவடிகளிற் பாடபேதங் கண்டு வருந்துவார்க்கு இதன் அருமை தெரியும். மென்பொருளிலும் ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணக்கிட்ட 64 குறிகளாலான ஒரு முத்திரை அட்டவணையிற் குறிக்கப்படுகின்றது. எழுத்தெண்ணிக்கை ஒத்திருந்தும் ஓரெழுத்து மாறியிருக்கலாம். இம்முத்திரையோ ஒரு குறி மாறினும் முற்றும் வேறாகிவிடும். ஆயின் ஒன்று நோக்கத்தக்கது: கேட்டபோது கொணரும் களஞ்சியம், காத்திருப்பார் பொருட்டு, பொதி வந்துகொண்டிருக்கும்போதே அதனை முன்னோக்கி அனுப்பவும் கூடும். பழுது இறுதியிலேயே தெரியவரும். அப்பொழுது இணைப்பைத் துண்டித்து, பழுதானதைக் காப்பிற் சேர்க்காது விடுதலே இயல்வது. ஆதலின் பெறுகின்ற பொறியும் தானே முத்திரையை ஒத்துப்பார்த்தல் இன்றியமையாதது.

நான்காவது, நீக்கல். வட்டு நிரம்பியபின் எதனை நீக்குவது? ஹங்கேரியிற் பிறந்து ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி என்பார், கணினியின் நினைவகத்தைப் பற்றி 1966இல் எழுதிய ஆராய்ச்சியில், இனி நெடுங்காலங் கழித்தே வேண்டப்படுவதை நீக்குதலே தலைசிறந்ததெனக் காட்டினார். நாளை நடப்பதை அறிந்தார் யார்? எனவே நெடுநாளாக எவரும் கேளாததை நீக்குதல் வழக்கமாயிற்று. சென்றதைக் கொண்டு வருவதை உய்த்துணர்தலே இஃது. ஒருவர் ஒருநாள் களஞ்சியம் முழுதையும் வரிசையாகக் கேட்டுவிடின், நாள்தோறும் வேண்டப்படுவனவும் நெருக்குண்டு வெளியேறும். ஆதலின் கடைசியாகக் கேட்ட நாளோடு கேட்ட முறைகளின் தொகையையும் கருதுதல் நன்று.

இனி, இக்கொள்கையின் உள்ளார்ந்த இடரைக் கூறி முடிப்பேன். அட்டவணை கூடத்தில் இருத்தலால் பொருளனைத்தும் கூடத்திலேயே உள்ளதுபோல் தோன்றும்; உண்மையிற் பெரும்பாலன தொலைவில் உள்ளன. மூலம் மறைந்தால் அட்டவணை வெறுஞ் சொல்லாகிவிடும். 2016 மார்ச்சு மாதத்தில் என்.பி.எம். என்னும் களஞ்சியத்திலிருந்து 11 வரியேயுடைய 'லெப்ட்-பேட்' என்னும் சிறு பொதியை அதனை எழுதியவர் நீக்கிவிட, அதனைச் சார்ந்து நின்ற எண்ணிறந்த பணிகள் உலகெங்கும் சில மணி நேரம் நின்றுபோயின. 2024 ஜூன் 30ஆம் நாள் சென்டோஸ் லினக்ஸ் 7ஆம் பதிப்பின் பேணுகாலம் முடிந்தது. அதன் பொதிகள் பழம்பொருட் களஞ்சியத்திற்கு மாற்றப்பட்டு, பழைய முகவரியை நம்பியிருந்த பொறிகள் பொதி பெறாது நின்றன. அவற்றுள் தாம் வேண்டியதை முன்னரே காத்துவைத்தவர்க்கு இடரில்லை. இன்னும் ஒருவரும் கேளாததனாற் கொணராது விட்டவற்றிற்கே இடர்.

ஆகவே ஒரு கொள்கையையே எல்லாவற்றிற்கும் பற்றுதல் தகாது. அடிப்படைப் பொதிகளையும், பாதுகாப்புத் திருத்தங்களையும், அவ்வாண்டுப் பாடத்திற்கும் தேர்விற்கும் வேண்டுவனவற்றையும் முன்னதாகவே இறக்கி, நீக்கற்பாலன அல்லவெனக் குறித்துவைக்க. எஞ்சியவற்றைக் கேட்டபோது கொணர்க. ஆடிப்பூரத் தேருக்கு முந்திய நாளில் வணிகன் மிகுதியாக வாங்கிவைப்பது போல, பருவத் தொடக்கத்தின் முன்னிரவில், இணைப்பு ஓய்ந்திருக்கும் வேளையில், வேண்டுவனவற்றை வருவித்துவைக்க.

இராஜபாளையத்தார்க்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், மேற்குத்தொடர்ச்சி மலையில் மழை பெய்யுங்கால் நிரம்புவது. தாகம் எடுத்தபின் மழையைத் தேடுவார் அவ்வூரில் இலர். அதுபோன்றே, மலைநீர் முழுவதையும் தேக்கிவைக்க முயல்வாரும் இலர். எவ்வளவு தேக்குவது, எதனைப் போக்குவது என்பதை அறிந்து நடத்தலே காவலன் கடமை. நாற்பது மாணவர் ஒரு காலைப்பொழுதை இழந்த கூடத்திற்கு வேண்டியது விரைந்த இணைப்பினும் இவ்வறிவே என்பது என் துணிபு.