சாலை கடக்கும் சிறார்: இடைவெளித் தேர்வும் புறப்படும் கணமும்

மிதிவண்டியோட்டும் சிறுவர் சாலைச் சந்திப்பில் விபத்துக்குள்ளாகும்போது, வாகனத்தைக் கவனியாமல் பாய்ந்தனர் என்பதே வழக்கமான விளக்கம். கவனக்குறைவும் ஒரு காரணமே. ஆயினும் வாகனத்தைக் கண்டு, காத்திருந்து, போதிய இடைவெளியைத் தேர்ந்த பின்னரும் சிறுவர் ஆபத்திற்குள்ளாகக்கூடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோடி பிளமர்ட், ஜோசப் கியர்னி, ஜேம்ஸ் கிரெமர் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அவ்வாய்வையும் அதனோடு தொடர்புடைய புலனுணர்வுக் கோட்பாட்டையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

வாகனம் வந்தடையும் நேரத்தை அறிய, தொலைவையும் வேகத்தையும் தனித்தனியே மதிப்பிட்டு வகுக்க வேண்டும் என்று தோன்றும். டேவிட் லீ 1976-இல் வேறொரு வழியைக் காட்டினார். அணுகும் பொருளின் உருவம் விழித்திரையில் விரிந்துகொண்டே வருகின்றது. உருவத்தின் அளவை அது விரியும் வீதத்தால் வகுத்தால், எஞ்சிய நேரம் நேரடியாகக் கிடைக்கும். 'டௌ' என்னும் கிரேக்க எழுத்தால் இது குறிக்கப்படுகின்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் மகிழுந்து, வந்தடைவதற்கு 5 நொடி இருக்கையில் ஏறக்குறைய 56 மீட்டர் தொலைவில் இருக்கும், 80 கி.மீ. வேகத்தில் வருவதோ 111 மீட்டர் தொலைவில் இருக்கும். நேரம் ஒன்றே, ஆனால் விரைந்து வருவதன் உருவமும் பாதி, அது விரியும் வீதமும் பாதி. மிகுந்த ஆபத்துடைய வாகனத்தின் உருவமே கண்ணுக்கு மெதுவாக விரிகின்றது. இவ்விரிவை உணரும் திறன் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குப் பெரியவர்களினும் குறைவு என்பதை ஜான் வான் முதலியோர் 2011-இல் காட்டினர்.

அயோவா ஆய்வு கண்ணோடு நிற்காமல் உடலையும் சேர்த்து நோக்கியது. அசையாமல் பொருத்தப்பட்ட மிதிவண்டி. அதனைச் சூழ மூன்று பெருந்திரைகள். அவற்றில் தெருவும் குறுக்கே தொடர்ந்து செல்லும் வாகனங்களும். 10, 12 வயதுச் சிறாரும் பெரியவர்களும் அதில் மிதித்துச் சந்திப்புகளைக் கடந்தனர். சிறுவர் குறுகிய இடைவெளிகளைத் துணிந்து ஏற்பர் என்று எதிர்பார்க்கலாம். அவ்வாறு நிகழவில்லை; இரு சாராரும் தேர்ந்த இடைவெளிகள் ஒத்தே இருந்தன. ஆனால் கடந்து முடித்தபோது, அடுத்த வாகனத்திற்கும் தமக்கும் இடையே சிறுவர்க்கு எஞ்சிய நேரம் பெரியவர்களைவிடக் குறைவு.

அந்த நேரம் புறப்பாட்டிலேயே இழக்கப்பட்டது. பெரியவர் முன்வாகனம் அகல்வதை எதிர்நோக்கி, அதன் பின்புறத்தை ஒட்டியே நுழைகின்றனர். சிறுவர் தாமதித்துப் புறப்படுகின்றனர்; வாகனப் பாதையை எட்டவும் கூடுதல் நேரம் கொள்கின்றனர். அரை நொடித் தாமதம் அற்பமாகத் தோன்றலாம். 40 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் அதற்குள் ஐந்தரை மீட்டர் நெருங்கிவிடும். நடப்பவர் ஓர் அடி எடுத்து வைத்தாலே நகர்ந்துவிடுகின்றார். நின்ற மிதிவண்டியோ மிதிகட்டையைச் சரிசெய்து, ஊன்றிய காலை எடுத்து, தள்ளாட்டத்தை அடக்கிய பின்னரே வேகம் கொள்ளும்.

ஜேம்ஸ் கிப்சன் 'செயல்வாய்ப்பு' என்று கருதக்கூடிய கருத்தாக்கத்தை 1979-ஆம் ஆண்டு நூலில் விரிவாக விளக்கினார். அதன்படி, ஓர் இடைவெளி கடக்கத்தக்கதா என்பது அவ்விடைவெளியின் நீளத்தை மட்டும் சார்ந்ததன்று. கடப்பவரின் செயல்திறனையும் சார்ந்தது. பெரியவர்க்குப் போதுமான இடைவெளி சிறுவர்க்குப் போதாமல் போகலாம்.

இம்முடிவுகளை நம் சாலைகளுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. திரையில் ஒழுங்காகச் செல்லும் மகிழுந்துகள் வேறு. பேருந்தும் ஆட்டோவும் இருசக்கர வாகனங்களும் வரிசையின்றிக் கலந்தோடும் சாலை வேறு. தமிழகத்தில் அரசு விலையில்லா மிதிவண்டி பெறும் பதினொன்றாம் வகுப்பு மாணவரும் அவ்வாய்வுச் சிறாரினும் மூத்தோர். எனினும் எங்கும் பொருந்தும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது: இடப்புறமும் வலப்புறமும் பார் என்று கற்பிக்கும் நாம், புறப்படுவதை எங்கே பயிற்றுகின்றோம்? லீயும் உடனாய்வாளரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்து கடக்கும் சிறார்க்காக உண்மைச் சாலையை ஒட்டி ஒரு போலிச் சாலை அமைக்கப்பட்டது. உண்மை வாகனங்களைப் பார்த்தவாறே சிறுவர் போலிச் சாலையைக் கடந்தனர். பிழை நேர்ந்தால் மோத அங்கு எதுவும் இல்லை. மிதிவண்டிப் பயிற்சிக்கும் அம்முறையைத் தழுவ இயலும்.