பேன் தொல்லை: தாய்மார் கேட்கும் கேள்விகள்

பிள்ளையின் தலையில் பேன் என்று பாடசாலையிலிருந்து சொல்லியனுப்பினால் தாய்க்கு முதலில் வருவது வெட்கம். தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கோ "கவனிக்க ஆளில்லை" என்ற ஊர்ப்பேச்சும் சேர்ந்துகொள்கிறது. வெட்கப்பட இதில் எதுவுமில்லை. பேனின் வாழ்க்கையை அறிந்துகொண்டால் வீட்டிலேயே அதை ஒழிக்கலாம்.

அழுக்குத் தலையில்தான் பேன் வருமா?

இல்லை. பேனுக்கு வேண்டியது இரத்தமே. நன்றாக முழுகிய தலையிலும் அது வாழும். பேன் பறக்காது, பாயாது, ஊர்ந்தே செல்லும். பெரும்பாலும் தலையோடு தலை முட்டும்போதே பரவுகிறது. ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் பிள்ளைகளுக்கு இலகுவில் தொற்றுவது இதனால்தான்.

மருந்து வைத்தும் ஏன் திரும்ப வருகிறது?

காரணம் ஈர். பேன் தன் முட்டைகளை மயிரின் அடியில் இறுக ஒட்டிவிடும். அவை பொரிக்க 7 முதல் 10 நாட்கள் செல்லும். குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 முதல் 12 நாட்கள். பல மருந்துகள் பேனைக் கொன்றாலும் எல்லா ஈரையும் கொல்வதில்லை. எனவே அறிவுறுத்தலின்படி 7 முதல் 10 நாட்களுக்குள் மறுபடியும் வைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரிடம் கேட்டே மருந்து பாவிக்க வேண்டும்.

மருந்து வாங்க வசதியில்லையே?

பேன்சீப்பு ஒன்று போதும். தலையை நனைத்து, மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 3 நாட்களுக்கு ஒருமுறை, குறைந்தது 2 கிழமைக்கு இதைச் செய்தால், பொரிக்கும் குஞ்சுகள் முட்டையிட முன்னரே அகப்பட்டுவிடும். வீட்டில் எல்லோரின் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். உங்கள் தலையை மறந்துவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய் பூசலாமா?

கூடவே கூடாது. அடுப்படியில், விளக்கடியில் தீப்பற்றும், தோலும் புண்ணாகும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து உயிருக்கே ஆபத்து.

மொட்டையடிக்க வேண்டுமா?

தேவையில்லை. வளர்ந்த பெண்பிள்ளையின் மனம் அதனால் நோகும்; சீப்பே போதும்.

துணிமணிகளை என்ன செய்வது?

தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாட்களுக்குள் செத்துவிடும். தலையணை உறையையும் துவாயையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள்.

நோய் வருமா?

தலைப்பேன் நோய் பரப்புவதில்லை. ஆனால் சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்தால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

அயல்வீட்டுப் பிள்ளைக்கும் பேன் இருந்தால் தாயிடம் தனியாகச் சொல்லுங்கள். இரு வீட்டாரும் ஒரே நாளில் வாரினால்தான் இரு வீட்டிலும் பேன் ஒழியும்.