வேலூர்ப் புரட்சிக் கட்டுரைக்கு ஒரு மைய வாதம்

மாணவர்கள் எழுதும் வரலாற்றுக் கட்டுரைகளில் தகவலுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் வாதத்துக்குத்தான். 1806 வேலூர்ப் புரட்சி பற்றிய முதல் வரைவு பெரும்பாலும் 'இப்புரட்சிக்குப் பல காரணங்கள் உண்டு' என்றே தொடங்கும். இதை மறுப்பார் யாருமில்லை. மறுப்பதற்கு இடமில்லாத வாக்கியத்தை நிறுவவும் வேண்டியதில்லை. அதனால் பின்வரும் பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பட்டியலாக நின்றுவிடுகின்றன.

மைய வாதம் என்பது, சான்று காட்டி ஒருவர் மறுக்கக்கூடிய, சான்று காட்டியே எழுதியவர் நிலைநாட்ட வேண்டிய ஒரு முடிவு. திருத்த உட்காரும் மாணவர் முதலில் தம் முடிவுரையைப் படிப்பது நல்லது. எழுதி முடிக்கும்போதுதான் பலருக்கும் தம் கருத்தே புலப்படுகிறது.

வேலூர் விஷயத்தில் இரண்டு காரணங்கள் எப்போதும் சொல்லப்படுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்து விதிகள் சிப்பாய்களின் நெற்றிக்குறியையும் தாடியையும் கடுக்கனையும் தடுத்தன; தோல் சேர்த்த புதுமாதிரித் தலைப்பாகையை அணியச் சொல்லின. மறுத்த சிலர் கசையடி பட்டனர். இது ஒன்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மைந்தர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிடாது. ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று கேட்க வேண்டும். தலைப்பாகை எதிர்ப்பு ஐதராபாத்திலும் எழுந்தது. ஆனால் ஜூலை 10 அன்று கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றும் அளவுக்குப் போனது வேலூரில்தான். இந்த வேறுபாட்டிலிருந்து வாதம் பிறக்கிறது: 'சிப்பாய்களின் கோபத்தை மூட்டியவை உடை விதிகள், அந்தக் கோபம் ஆட்சி மாற்ற முயற்சியாக வளரக் காரணம், திப்புவின் மைந்தர்கள் அங்கே இருந்தது.'

சொற்களை எடைபோட வேண்டிய இடம் இது. மைந்தர்களே தூண்டினார்கள் என்றால், அவர்கள் முன்கூட்டித் திட்டமிட்டதற்குச் சான்று காட்ட வேண்டிவரும். 'இருந்தது' என்பதோ கையிலுள்ள சான்று தாங்கும் சொல்.

வாதம் முன்னுரைக்கு வந்ததும் உடல்பகுதியும் மாறியாக வேண்டும். ஒரு வாக்கியத்தை மட்டும் ஒட்டவைப்பது திருத்தமாகாது. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்த கதை விறுவிறுப்பானது. மாணவர்கள் அதற்கு அரைப் பக்கம் தருவதும் உண்டு. இந்த வாதத்துக்கு அது ஒரு வரியில் போதும். ஐதராபாத்தோடு ஒப்பிடும் செய்திதான் இப்போது முழுப் பத்தி கேட்கிறது. கம்பெனி பின்னர் எடுத்த நடவடிக்கைகளும் வெறும் 'விளைவுகள்' என்ற தலைப்பில் கிடக்காமல் சான்றாக எழுகின்றன: உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன, திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர், 1807-இல் கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். இரண்டு காரணங்களையும் கம்பெனியே பொருட்படுத்தியதை இவை காட்டுவதால், கடைசிப் பத்திக்கு உரியவை இவையே.