எடை மெஷின் சொல்லாததை இஞ்ச் டேப் சொல்லும்
உடலை அறிவோம் – 3

நடைப்பயிற்சியோ ஜிம்மோ, எதைத் தொடங்குவதானாலும் அதற்குமுன் இன்றைய உடலை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற வாரம் சொன்னேன். இந்த வாரம் அளந்துவிடுவோம். பெரும்பாலோர் முதலில் ஏறி நிற்பது எடை மெஷினில். ஆனால் நம்மவர்களுக்கு அது பாதிக் கதையைத்தான் சொல்லும்.

2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலிலும் கொழுப்பு ஒளிந்திருக்க முடியும். அது வயிற்றுக்குள் சேரும்போது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது.

அதனால் முதல் அளவு வயிறு. பேன்ட்டோ பாவாடை நாடாவோ கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டதும் பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உயரத்தில் பாதிக்குள் இருப்பது இன்னொரு நல்ல கணக்கு: 160 சென்டிமீட்டர் உயரமென்றால் வயிறு 80-க்குள்.

இரண்டாவது, நாடித்துடிப்பு. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரு விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. தொடர்ந்து பயிற்சி செய்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதனால் ஓய்வில் துடிப்பு குறையும்.

மூன்றாவது, கால் பலம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் குறைந்தால், கால்களுக்குப் பயிற்சி தேவை என்று பொருள். இளையவர்கள் இதைவிட எளிதாகக் கூடுதலாகச் செய்ய வேண்டும்.

கடைசியாக, உடல் சமநிலை. சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

நான்கையும் தேதியோடு எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அளவோடு ஒப்பிட வேண்டாம். தினமும் அளந்து மனம் தளரவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே டேப்பில் அளந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்தே அளந்துவிடுங்கள். அடுத்த வாரம், அந்த எண்களுக்கேற்ற நடைப்பயிற்சித் திட்டத்தைப் போடுவோம்.